அப்பாவிடமிருந்து போனவை

பிழை திருத்துபவர் தன் மகளுக்கு ஏழாம் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்த மறுநாள் அவருக்கு ஏழாம் வாய்ப்பாடு இல்லாமல் போயிருந்தது. ஆறும் எட்டும் அப்படியே இருந்தன. அச்சகத்தில் பக்க எண் சரிபார்க்கும்போதுதான் கவனித்தார். வயசாகிறது என்று நினைத்துக்கொண்டார்.

அரசுப் பள்ளியிலிருந்து அவளை நிறுத்தியது அவர்தான். ஒரே அறையில் மூன்று வகுப்பு, எழுபது பிள்ளைகள், ஒரு டீச்சர். பள்ளி என்பதை அவள் ‘பல்லி’ என்று எழுதியதற்குச் சரி போட்டிருந்தார்கள். பிழை பார்த்தே சம்பளம் வாங்குகிறவரால் அதைப் பொறுக்க முடியவில்லை. சமையலறை மேஜையில் பாடம் தொடங்கியது. அவர் நன்றாகச் சொல்லிக்கொடுத்தார், அதுதான் வினையாயிற்று. அவளுக்கு அரைகுறையாய்ப் புரிந்தவை அவரிடமே தங்கின, நன்றாகப் புரிந்தவை அவரை விட்டுப் போயின. மழைக்காலத்தில் கழித்தல் போனது. ஒற்றெழுத்துகளும் போய்விட்ட அதே வாரம் அச்சகம் அவரைக் கட்டுக் கட்டும் வேலைக்கு மாற்றியது.

தையல்காரியான மனைவி மிஷினை நிறுத்திவிட்டு, “போதும்ங்க, இத்தோட விட்டுடுங்க” என்றாள்.

“பாதியில விட்டா அவளுக்கும் இல்ல, எனக்கும் இல்லன்னு ஆயிடும்.”

பத்து வயதில் மகளுக்கு விஷயம் புரிந்தது. அவரை உட்காரவைத்து ‘ழ’வைத் திரும்பச் சொல்லிக்கொடுத்தாள். அவருக்கு வந்தது. அவள் எழுதிய தன் பெயரின் நடுவில் ஓட்டை விழுந்தது. அவள் பென்சிலை வைத்துவிட்டு அழுததைப் பார்த்து, அன்று மாலையே எழுத்தைத் திருப்பிக் கொடுத்தார். அதன்பின் அவள் சொல்லித்தர வந்தால் காதைப் பொத்திக்கொண்டார்.

பாடங்கள் தீர்ந்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் யோசிக்காமல் கேட்டுவிட்டாள்: “நான் பொறந்தப்போ எப்படிப்பா இருந்தேன்?”

அவர் எதையும் விடாமல் சொன்னார். பிறந்த எடை, முதல் பல், எந்தக் கையைப் பிடித்து நடந்தாள் என்பதுவரை. அவளுக்கு நன்றாகப் புரிந்தது.

அந்த வருடம் மனைவி அவளை மறுபடி பள்ளியில் சேர்த்தாள். அதே டீச்சர்தான். டீச்சரிடமிருந்து யாருக்கும் எதுவும் போயிருக்கவில்லை என்பதால் எல்லாம் அவரிடம் பத்திரமாக இருந்தது. பெற்றோர் கூட்டத்தில் எல்லாப் பாடத்திலும் முதலாக வந்தவளின் பெயரைப் படித்தபோது பிழை திருத்துபவரும் கைதட்டினார். மனைவி பக்கம் சாய்ந்து, “யாரு வீட்டுப் பொண்ணு? நல்லா படிக்குது” என்றார்.

“நம்ம பொண்ணுதாங்க.”

“அப்படியா” என்று இன்னும் கொஞ்சம் தட்டினார்.

டீச்சர் மதிப்பெண் அட்டையையும் மைப்பெட்டியையும் நகர்த்தினார். மனைவி கணவரின் கட்டைவிரலைப் பிடித்து அழுத்தினாள். ரேகை சரியாக விழவில்லை. அவருக்கு முன்னால் ஐந்து அப்பாக்கள் கைநாட்டு வைத்திருந்ததில் மை காய்ந்துபோயிருந்தது.