ஒன்பது தசம் ஆறு

டனிஸ்ரன் பிரதர் ரொறன்ரோவிலிருந்து இரண்டு கிழமைக்கு என்று வந்தார். அவர் வந்து ஏழாவது மாதம் நடந்துகொண்டிருந்தது. செயின்ட்-மிஷேலில் எங்கள் வீட்டு மேலறை அவருக்கு, நிலக்கீழ் அறை அவருடைய செபக்கூட்டத்துக்கு. தவக்காலம் தொடங்கிய புதன்கிழமை, நாற்பது நாளும் தண்ணீர் மட்டும் குடிக்கப்போவதாக அறிவித்தார். வீட்டார் ஒருசந்தி பிடித்தால் போதுமாம். ஒரு நேரச் சாப்பாடு.

அம்மாவுக்கு நீரிழிவு. காலையும் மாலையும் இன்சுலின் போடுகிறவர்.

"வருத்தக்காரருக்கு ஒருசந்தி இல்லையெண்டு சுவாமியாரே பூசையில சொன்னவர், அத்தான்" என்றார் நீக்கிலாப்பிள்ளை மாமா. அம்மாவின் தம்பி. ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போவார். அதைப் பற்றி யாரிடமும் கதைக்கமாட்டார்.

"சுவாமியார் சட்டத்தில சொல்லுறார். பிரதர் ஆவியில சொல்லுறார்" என்றார் அப்பா.

"ஆவியில இடியப்பமும்தான் அவியுது. அக்காவைச் சாப்பிட விடுங்கோ."

அம்மா சிரித்தார். உடனே நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்.

ஆறாம் நாள் மேலறைக் குப்பையைக் கொட்டும்போது ஆட்டிறைச்சி றோல்ஸ் பெட்டி ஒன்று விழுந்தது. அப்பாவிடம் காட்டினேன்.

"ஆரும் ஏழையளுக்கு வாங்கியிருப்பார், பிள்ளை."

நான் உயிர்வேதியியல் படித்தவள். பெட்டிக்கு விளக்கம் சொல்லலாம், எண்ணுக்குச் சொல்ல முடியாது என்று நினைத்தேன்.

சனிக்கிழமை பின்னேரக் கூட்டத்தில் முப்பது பேர் இருந்தார்கள். ஆட்களுக்கு முன்னால் எனக்குக் குரல் வராது. அம்மாவின் சீனி பார்க்கும் கருவியைக் கையில் பிடித்துக்கொண்டு எழும்பினேன்.

"பிரதர், பத்து நாளாத் தண்ணியில இருக்கிறியள். சீனி இறங்கியிருக்கும். ஒருக்காப் பாப்பம்."

அவர் சுற்றிப் பார்த்தார். எல்லாரும் அவரையே பார்த்தார்கள். விரலை நீட்டினார்.

ஒன்பது தசம் ஆறு.

"பட்டினி கிடக்கிறவைக்கு நாலு, அஞ்சுதான் இருக்கும். இது..."

"புதுமை!" அப்பா எழும்பிவிட்டார். "பத்து நாள் சாப்பிடேல்லை. சீனி இறங்கேல்லை, ஏறியிருக்கு! ஆண்டவர் ஊட்டுறார்!"

யாரோ பாட்டைத் தொடங்கினார்கள். பிரதரின் முகத்தில் ஒரு கணம் பயம் இருந்தது. பிறகு கண்ணை மூடினார். "என்னைப் புகழாதேங்கோ. நான் பெரிய பாவி."

"அது மெய்" என்றார் மாமா. பாட்டுச் சத்தத்தில் எனக்கு மட்டும் கேட்டது.

அம்மாவும் அந்த எண்ணைப் பார்த்திருந்தார். தினமும் நாலு தரம் தன் விரலைக் குத்துகிறவர். அவருக்கு எண்கள் விளங்கும்.

"எனக்கு இனி அந்த ஒரு நேரமும் வேண்டாம், பிள்ளை. எனக்கும் ஆண்டவர் ஊட்டுவார்" என்றார்.

நான் கெஞ்சினேன். மாமா வந்து சத்தம் போட்டார். சாப்பிடாமல் போட்டால் சீனி அளவுக்கு மீறி இறங்கிவிடும் என்று ஞாயிறு மாலை இன்சுலினை எடுத்து ஒளித்தேன். அப்பா தேடி எடுத்துக் கொடுத்தார். மருந்தை விட்டால் டொக்டர் ஏசுவாராம்.

திங்கள் காலை அம்மாவின் இரவு உடுப்பு வேர்வையில் தோய்ந்திருந்தது. ஒன்று தசம் ஏழு. தோடம்பழச் சாற்றை உதட்டில் வைத்தேன். பல்லை இறுக்கிக்கொண்டார். பிறகு அந்தப் பிடியும் தளர்ந்தது.

ஆம்புலன்ஸில் வந்த பெண் பிரெஞ்சில் கேட்டாள்.

"என்னவாம்?" என்றார் அப்பா.

"கடைசியா எப்ப சாப்பிட்டவ எண்டு."

அப்பா படிக்கட்டைப் பார்த்தார். மேலறைக் கதவு மூடியிருந்தது.

"இண்டைக்குக் காலமை எண்டு சொல்லு."

"அப்பா!"

"பிரதருக்குப் பிரச்சினை வரும். சொல்லு, பிள்ளை."

சனிக்கிழமை மத்தியானம், அதற்குப் பிறகு இன்சுலின் மட்டும் என்று அவளிடம் சொன்னேன். சனிக்கிழமைக்கு நான் சொன்ன 'சம்தி' என்ற பிரெஞ்சுச் சொல் அப்பாவுக்குத் தெரியும். இருபது வருடம் தொழிற்சாலையில் சனிக்கிழமை வேலை செய்தவர்.

"வீட்டைக் காட்டிக் குடுத்திட்டாய்" என்றார்.

ஆம்புலன்ஸில் ஒருவர்தான் ஏறலாம். அப்பா அசையவில்லை. நான் ஏறினேன்.

மூளைக்கு நெடுநேரம் சீனி போகவில்லை என்றார்கள். அம்மா கண் திறந்தது புதன்கிழமை. என் முகத்தைக் கனநேரம் பார்த்தார்.

"நீங்கள் ஆர்?" என்று மரியாதையாகக் கேட்டார்.