தானாக நகர்ந்த அம்பு

இறந்துபோன அக்காவின் ஆக்சிஜன் கருவியை வசதியில்லாத யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று அத்தான் அதைத் துடைத்துக்கொண்டிருந்தார். தம்பி வாசலிலேயே நின்றான்.

"உள்ள வா மாப்ள. எந்த நாட்டுக்காரனோ எங்கேயோ உக்காந்து பட்டனைத் தட்டுறான், இங்க இவ மூச்சு நிக்குது. நாசமாப் போவான்."

தம்பி நிலைப்படியைத் தாண்டவில்லை. ஊருக்கு மின்சாரம் பிரித்துவிடும் கட்டுப்பாட்டு அறையில் அவனுக்கு வேலை. அங்குள்ள கணினியை இணையத்தோடு சேர்க்கவே கூடாது. அக்கா படுக்கையில் விழுந்தபின், அவள் பக்கத்தில் இருந்தபடியே வேலை பார்க்கலாமென்று மேலதிகாரிக்குத் தெரியாமல் சேர்த்துவைத்தான். கூட வேலை பார்க்கும் குண்டனும் வீட்டிலிருந்தே அதில் எட்டிப்பார்ப்பான்.

"ஊருக்கே வெளிச்சம் குடுக்கிற தொரை, என் ரூம் பல்பை மாத்த மாட்டேங்கிறான்" என்று அக்கா கேலி செய்வாள். "ஏன்டா, இதுல வம்பு ஒண்ணும் வராதே?"

"நம்ம ஊரை எவன்க்கா சீண்டப்போறான்?"

அக்கா இறந்த அன்று மத்தியானம், கட்டுப்பாட்டு அறையில் அவன் கை படாமலே திரையில் அம்புக்குறி நகர்ந்தது. குண்டன் விளையாடுகிறான் என்று சிரித்தபடி மௌஸை விட்டுவிட்டுப் போனை எடுத்தான்.

"டேய், கையை வச்சுக்கிட்டுச் சும்மா இரேன்டா."

"நான் சாப்பிட்டுட்டு இருக்கேன்டா."

அதற்குள் அம்பு ஊரின் மின்சாரத்தை ஒவ்வொரு பகுதியாக அணைத்துக்கொண்டே போனது. மௌஸ் அவன் பேச்சைக் கேட்கவில்லை. எல்லாரும் துணைமின் நிலையங்களுக்கு ஓடி, சுவிட்சுகளைக் கையால் திருகித்தான் மின்சாரத்தைக் கொண்டுவந்தார்கள். அக்காவின் கருவியிலிருந்த பேட்டரி அதுவரை தாங்கவில்லை.

"அத்தான், அவன் சுவரேறிக் குதிச்சு வரல. நான்தான் கதவைத் திறந்து வச்சிருந்தேன்."

வாசலில் நின்றபடியே அவன் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை அத்தானின் கையிலிருந்த துணி அசையவில்லை.

"அவ பக்கத்துல உக்காரத்தானா?"

"ஆமா."

அத்தான் அடித்திருந்தால் தேவலை என்றிருந்தது. அவரோ கருவியின் வயரைச் சுற்றினார், பிரித்தார், மறுபடி சுற்றினார்.

"ஆபீஸ்ல சொல்லிட்டியா?"

"இல்ல. விசாரிச்சுக்கிட்டுதான் இருக்காங்க. அந்த இணைப்பை அன்னைக்கே பிடுங்கி மறைச்சுட்டேன்."

"போய்ச் சொல்லு. இன்னொரு ஊர்லயும் எவனாவது இப்படித் திறந்து வச்சுட்டு அக்கா பக்கத்துல உக்காந்திருப்பான்." முகத்தைத் திருப்பிக்கொண்டார். "சொல்லிட்டு வா. அதுவரைக்கும் இந்தப் படி ஏறாத."

தம்பி இன்னும் செருப்பைக்கூடக் கழற்றியிருக்கவில்லை. அப்படியே திரும்பி நடந்தான்.