ஒரு மணி ஐந்து நிமிடம்

பாத்திரம் கழுவும் மிஷின் ஒரு தடவை ஓடி முடிய எவ்வளவு நேரம் ஆகும், உங்களுக்குத் தெரியுமா?

கணேஷ்குமாருக்குத் தெரியும். பழையதற்கு ஒரு மணி ஐந்து நிமிடம். புதியதற்கு மூன்று மணி பத்து நிமிடம். அப்பாவின் கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்து வெள்ளைத் துணியால் கட்டிக்கொண்டிருந்தபோது, வேறு எதுவும் அவன் நினைவுக்கு வரவில்லை. பாதம் இரண்டும் சில்லென்று இருந்தன.

"இழுத்துக் கட்டு மருமவனே" என்றார் ராக்கப்பன். தீவின் கப்பல் துறையான ஹேடோ வார்ஃபில் அப்பாவோடு முப்பது வருஷம் கப்பல் கயிறு பிடித்தவர். "உங்கப்பன் போட்ட முடிச்ச அவுக்க ரெண்டு ஆளு வேணும். நீ என்ன, ஸ்கூல் பிள்ளைக்கு ரிப்பன் கட்டுற மாதிரி கட்டுற?"

சொல்லிவிட்டு அவரே வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

கணேஷ்குமார் முடிச்சை அவிழ்த்து மறுபடி கட்டினான். நெற்றியில் வைக்கத் திருநீறு எடுக்கச் சமையலறைக்குப் போனான்.

மிஷினின் கதவு ஒரு சாண் திறந்திருந்தது. முடிந்ததும் அது தானாகவே அப்படித் திறந்துகொள்ளும். உள்ளே மதியச் சாப்பாட்டுத் தட்டுகள் பளபளவென்று காய்ந்திருந்தன. மிஷினுக்கு முன்னால் தரையில் ஒரு பாய். பாயின் மேல் அம்மாவின் தலையணை. நடுவில் இன்னும் குழிந்திருந்தது.

அவன் போனை எடுத்துப் பார்த்தான். நாலு நாற்பதுக்கு மிஷினிலிருந்து செய்தி வந்திருந்தது: கழுவி முடிந்தது. வார்ஃபில் சரக்கு எண்ணிக்கொண்டிருந்தபோது அதைப் பார்த்து, பரவாயில்லையே என்று நினைத்திருந்தான். நாலே முக்காலுக்கு அம்மா கூப்பிட்டாள்.

அம்மா பங்கஜம் உள்ளே வந்தாள். பாயைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். குனிந்து பாயைச் சுருட்டினாள்.

"இங்கயா படுத்திருந்தீங்க?"

"எப்பவும் இங்கதான தம்பி."

"எப்பவும்னா?"

"அப்பாவுக்குச் சளி எடுத்துட்டு, பாத்திரத்த உள்ள வச்சுட்டு, ஒரு மணி நேரம் கண்ண மூடுவேன். பழசு முடியுறப்ப தண்ணிய வெளியே தள்ளும் பாரு, லாரி மேடு ஏறுற மாதிரி ஒரு சத்தம். எந்திரிச்சிருவேன். மறுபடி போயி சளி எடுப்பேன்." தலையணையை உதறினாள். "போன் அலாரத்தத் தூக்கத்துலயே அமுக்கிருவேன். அந்தச் சனியன அமுக்க முடியாது."

ஒன்றரை வருஷமாக அப்பாவின் தொண்டையில் குழாய். மணிக்கு ஒரு தடவை சிறிய மோட்டார் வைத்துச் சளியை உறிஞ்சி எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அடைத்துக்கொள்ளும். குழாய் போட்ட பிறகு குரல் இல்லை. கைகாலும் வராது. கூப்பிட வழியே கிடையாது. இரவு முழுக்க அம்மாதான் பார்த்தாள். அவனுக்குக் காலை ஆறு மணிக்கு டியூட்டி.

பழைய மிஷின், மெயின்லேண்டுக்கு மாற்றலாகிப் போன ஒரு ஆபீசர் அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனது. உப்புக்காற்றில் அடிப்பக்கம் துருப்பிடித்து, போன மாதம் ஒழுக ஆரம்பித்தது. கணேஷ்குமார் சென்னையிலிருந்து கப்பலில் புதிதாக வரவழைத்தான். ஞாயிற்றுக்கிழமை பொருத்தினான். அன்றும் திங்கட்கிழமையும் லீவு போட்டு, இரவிலும் அவனே அப்பாவைப் பார்த்துக்கொண்டான். இன்றுதான் அம்மா தனியாக இருந்த முதல் நாள்.

பொருத்திய அன்று அம்மா கேட்டாள். "பழசு மாதிரி ஒரு மணி நேரத்துல முடியிற மாதிரி வச்சுக் குடுடா."

"அதுக்கும் பட்டன் இருக்கும்மா. ஆனா தண்ணி கூட இழுக்கும். மூணு நாளைக்கு ஒருக்கா பைப்புல வர்ற பானிய அதுக்கா ஊத்தறது?" அப்பாவுக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகத்தான் விளக்கினான். "பழசு ரெண்டு குடம் தண்ணிய எடுத்து, கொதிக்க வச்சு, அடிச்சுத் தள்ளிரும். இது ஒரு குடம்கூட எடுக்காது. மெதுவா ஊற வைக்கும். தண்ணி எவ்ளோ அழுக்கா இருக்குன்னு அதுவே பாத்து, அதுக்குத் தக்கன ஓடும். நேரம்தான் கூட. உங்களுக்கென்ன, அது பாட்டுக்கு ஓடிட்டுப் போகுது."

மற்ற பட்டன்களின் மேல் டேப் ஒட்டி மறைத்தான். அப்பா தூங்கும்போது கத்தக்கூடாது என்று முடிவில் வரும் சத்தத்தையும் அணைத்து வைத்தான்.

"இது கத்தலையே தம்பி" என்றாள் பங்கஜம், சுருட்டிய பாயைக் கையில் பிடித்தபடி.

"ஒரு மணி நேரம் எதுக்குன்னு அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லம்மா?"

அவள் பாயை அலமாரிக்குப் பின்னால் செருகினாள். "வெளியே போ. ஆளுங்க நிக்கிறாங்க."

சௌல்தாரியிலிருந்து அத்தை ஒச்சம்மா வந்து இறங்கியபோது இருட்டவில்லை. அப்பாவின் அக்கா. ஆட்டோவிலிருந்தே அலறிக்கொண்டு வந்தவள், தம்பியின் முகத்தைத் தொட்டதும் நிறுத்திவிட்டாள். தாடையை அழுத்திப் பார்த்தாள். அது அசையவில்லை.

"எப்ப போச்சு உசுரு?"

அத்தை பங்கஜத்தின் பக்கம் திரும்பினாள்.

"ஏன்டி பங்கஜம், ஒன்னத்தான் கேக்குறேன். வாயில ஒரு சொட்டுப் பால் ஊத்துனியா?"

"ஊத்துனேன் மைனி."

"பால் ஊத்துன வாயாடி இது? காஞ்ச கருவாடா கெடக்கு. தாடை வெறச்சுக் கெடக்கு. நாலே முக்காலுக்குப் போன் அடிச்சியாம். அதுவரைக்கும் எங்க இருந்த?"

பக்கத்து வீட்டுப் பெங்காலி தீதி டீத் தட்டோடு வாசலிலேயே நின்றுவிட்டாள். அவளுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் தட்டைக் கீழே வைக்கவில்லை.

பங்கஜம் தலையைத் தூக்கிக் கணேஷ்குமாரைப் பார்த்தாள். ஒரு நொடிதான்.

நான்தான் அத்தை மூணு மணி நேரத்துல வச்சேன். நான்தான் சத்தத்த பந்த் பண்ணேன். அம்மா கேட்டாங்க, நான் மாத்திக் குடுக்கல. இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. வாய்க்குள் வரிசையாக நின்றது. ராக்கப்பன் மாமா இருந்தார். வார்ஃபிலிருந்து வந்த பதினைந்து பேர் நாற்காலிகளில் இருந்தார்கள்.

"தூங்கிட்டேன் மைனி" என்றாள் பங்கஜம்.

"தூங்கிட்டியா?"

"ஆமா."

"கேட்டீங்களாய்யா? புருசன் மூச்சு முட்டிச் சாகுறான். இவ மதியத் தூக்கம் தூங்கியிருக்கா. மிஷின் வாங்கிப் போட்டுட்டான்ல மவன், மகாராணிக்கு வேற என்ன வேலை?"

"அக்கா, விடுங்க. எழவு வீடு" என்றார் ராக்கப்பன்.

"என்னத்த விட? என் தம்பிக்குக் கேக்க நாதியில்லன்னு நெனச்சாளா?"

பங்கஜம் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து, துணி கட்டிய விரல்களைப் பிடித்துக்கொண்டாள்.

கணேஷ்குமார் வெளியே போனான். பந்தல் கம்பு ஒன்று சாய்ந்த மாதிரி இருந்தது. அதைப் பிடித்து நிமிர்த்தினான். அது நேராகத்தான் இருந்தது. கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே நின்றான்.

புதன்கிழமை பத்து மணிக்கு எடுத்தார்கள். கொள்ளிக்குடம் உடைக்கும்போது கைதட்டிக் கூப்பிட்டார்கள், அவனுக்குக் கேட்கவில்லை. திரும்பி வந்தபோது வீட்டைக் கழுவி விட்டிருந்தார்கள். சளி எடுக்கும் மோட்டாரை யாரோ பையில் போட்டுக் கட்டி வைத்திருந்தார்கள். அத்தை பங்கஜத்தின் கையால் தண்ணீர்கூட வாங்கவில்லை. தீதி வீட்டிலிருந்து வந்த சோற்றைத் தனியாகத் தின்றுவிட்டு, எல்லாரும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"நல்லாத் தூங்கு தாயி. இனி ஒன்ன எழுப்ப ஆளில்ல."

கணேஷ்குமார் அப்போதும் பக்கத்தில்தான் இருந்தான். இலையை மடித்தான். அம்மா அன்று முழுக்க அவன் முகத்தைப் பார்க்கவில்லை. சாப்பாடு மட்டும் எடுத்து வைத்தாள்.

மறுநாள் காலை, சுடுகாட்டுக்குப் பால் தெளிக்கப் போகிறவர்கள் ஒன்பது மணிக்கு வருவதாக இருந்தது. முந்தின நாள் டம்ளர்களும் தட்டுகளும் குவிந்து கிடந்தன. பங்கஜம் பாயை விரித்து மிஷினுக்கு முன்னால் படுத்திருந்தாள். கண் மூடியிருந்தது. கணேஷ்குமார் அவளைத் தாண்டிப் போய்ப் பாத்திரங்களை உள்ளே அடுக்கினான். டேப்பைப் பிய்த்தான். ஒரு மணி நேரப் பட்டனை அமுக்கினான். சத்தத்தையும் திறந்து வைத்தான். மணி ஏழு ஐந்து.

எட்டு ஐந்துக்கு மிஷின் நான்கு முறை கத்தியது. பங்கஜம் எழுந்தாள். முந்தானையைச் செருகிக்கொண்டு, கொடியில் கிடந்த, சளி துடைக்கும் வெள்ளைத் துண்டை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போனாள். அப்பாவின் கட்டிலை முந்தின நாளே கழுவி வெளியே சாய்த்து வைத்திருந்தார்கள்.