சிங்கப்பூரில் இருக்கிறார்

ஐந்து இன்டர்வியூவிலும் ஒரே கேள்வியில்தான் விழுந்தேன். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள்? நானும் அரிச்சந்திரனுக்கு அக்கா மாதிரி, வீட்டுக்காரருக்கு இடுப்புக்குக் கீழே அசைவில்லை, இரண்டு வருஷமாகப் படுக்கை என்று உண்மையைச் சொல்லித் தொலைப்பேன். எதிரே இருப்பவர்கள் முகத்தை வருத்தமாக வைத்துக்கொண்டு, "சொல்லி அனுப்புறோம்மா" என்பார்கள். ஒருத்தரும் சொல்லி அனுப்பியதில்லை. நல்லா இருங்கடா என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே மானகிரிக்கு பஸ் ஏறுவேன்.

அவர் பெயர் முத்துக்கண்ணன். பெயின்டர். சிங்கப்பூர் போவதற்கு பாஸ்போர்ட் வந்த மறுமாதம் சாரத்திலிருந்து விழுந்தார். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்கவைக்காவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். இனி எழுந்து நடக்க மாட்டார் என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அதை அவரிடம் சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை. ஊரையே வாயால் ஒரு வழி பண்ணுகிறவள் நான்; இதில் மட்டும் ஊமை. மருந்தும் வாடகையும் என் தையல் மெஷினை நம்பி ஓடவில்லை. வேலை கிடைத்தே ஆகவேண்டும்.

ஆறாவது இன்டர்வியூ நேமத்தான்பட்டியில். பழைய பெரிய வீடு ஒன்றை ஹோட்டலாக்கியிருந்தார்கள். ரிசப்ஷனுக்கு ஆள் வேண்டுமாம்.

வீட்டில் ஒத்திகை நடந்தது; கட்டிலில் படுத்தபடி அவர்தான் மேனேஜர். செல்போனில் கேள்விகளைத் தேடி எடுத்து வைத்துக்கொண்டு, "உக்காருங்க மேடம்" என்பார், கெத்தாக. நான் சிரித்தால் மார்க்கைக் குறைப்பார். குடும்பத்தைப் பற்றிய கேள்வி வந்ததும் நான் வழக்கம்போல ஆரம்பித்தேன்.

"நிறுத்து யோகு. நான் சிங்கப்பூர்ல இருக்கேன்னு சொல்லு."

"எதுக்குப் பொய் சொல்லச் சொல்றீக?"

"நம்ம பக்கம் வீட்டுக்கு ஒருத்தன் அங்குட்டுத்தான் கெடக்கான். எவன் போய்ப் பாக்கப் போறான்? பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லணும்."

பொருந்தத்தான் சொன்னார். கப்பலுக்கு பெயின்ட் அடிக்கிற வேலை, ஒரு அறையில் எட்டுப் பேர், சாயங்காலமானால் வாட்ஸ்அப்பில் கூப்பிடுவார் என்று ஒரு வாரம் உட்கார்ந்த இடத்தில் அல்ல, படுத்த இடத்தில் சிங்கப்பூரில் குடும்பம் நடத்தினார். இரண்டு வருஷத்தில் அவரை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை.

இன்டர்வியூ அன்று காலையில் அவரைப் புரட்டிவிட்டு, அடுத்த தடவைக்குப் பக்கத்து வீட்டு ராக்காயியிடம் சொல்லிவிட்டுப் போனேன். ஹோட்டல் மேனேஜர் பெயர் சிவபிரகாஷ். என் வயதுதான் இருக்கும். வீட்டில் கேட்ட கேள்விகளையே கேட்டார். எனக்கு இங்கிலீஷ்கூடத் தடுமாறவில்லை.

"ஹஸ்பெண்ட் என்ன பண்றாங்க?"

"சிங்கப்பூர்ல இருக்கார் சார்."

மேனேஜர் முகம் தெளிந்தது. "அப்ப நைட் ஷிஃப்ட் பாப்பீங்கள்ல?"

"பாப்பேன் சார். வீட்டுல பாத்துக்க வேண்டியவங்க யாரும் இல்ல."

சொன்ன பிறகுதான் உறைத்தது, ராத்திரியில் அவரை யார் புரட்டுவது என்று.

"போன தடவை இருந்த பொண்ணு, வீட்டுக்காரர் வெளிநாட்டுல இருந்து வந்ததும் நின்னுக்கிச்சு. உங்க வீட்டுக்காரர் எப்ப வருவாரு?"

இந்தக் கேள்வியை நாங்கள் படிக்கவில்லை. சிவபிரகாஷ் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இதுவும் போகப்போகிறது என்று தெரிந்துவிட்டது.

"வர மாட்டார் சார்" என்றேன். "அவருக்கு அங்க வேற குடும்பம் ஆயிருச்சு."

சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. நடிப்பென்றால் நடிப்பு என்று சொல்லிவிடுவேன். இரண்டு வருஷமாக விழுங்கி வைத்திருந்த அழுகை அது. சிவபிரகாஷ் தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தினார். "அழாதீங்க. திங்கக்கிழமை ஜாயின் பண்ணிக்கங்க" என்றார். வேலை கிடைத்துவிட்டது. என் வாயில் கொள்ளிதான் வைக்கவேண்டும்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அவர் கையைத் தட்டினார். பிறகு பரீட்சை எழுதிவிட்டு வந்த பிள்ளையிடம் கேட்பதுபோல ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டார்.

"நான் எப்ப வருவேன்னு கேட்டாகளா? அதை நாம படிக்காம விட்டுட்டமே."

"கேட்டாக."

"என்ன சொன்ன?"

"தைக்கு வந்துருவார்னு சொன்னேன்."

விரலை மடக்கி எண்ணினார். "அஞ்சு மாசம் இருக்கு" என்றார். "அதுக்குள்ள எந்திரிச்சிருவேன்ல, யோகு?"

ராக்காயி புரட்டிவிட்டு அரை மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை. ஆனாலும் முகம் சுவரைப் பார்க்கும்படி அவரைப் புரட்டிப் படுக்கவைத்தேன்.