ஹயாமி வீட்டு முத்திரை

பாங்காக்கில் சுகும்வித் சாலையிலிருந்து பிரியும் அந்தச் சந்தில், காலை ஆறரைக்கு ஜப்பானியப் பள்ளியின் பேருந்து வருவதற்குள் அடுக்ககத்தின் கீழ்க் கூடத்தில் ஒரே ஜப்பானியக் கம்பெனிக்காரர்களின் பதினோரு மனைவிமார் வரிசை கட்டி நின்றுவிடுவார்கள். யார் எங்கே நிற்பது என்று யாரும் கோடு கிழித்துக் கொடுத்ததில்லை. கணவன் தொழிற்சாலையில் எந்த நாற்காலியில் உட்காருகிறானோ, அந்த நாற்காலிக்குத் தக்க தரை ஓட்டில் மனைவியின் செருப்பு தானாகப் போய் நின்றுகொள்ளும். ஒருத்தியின் கணவனுக்குப் பதவி உயர்வு வந்த மறுநாள் அவள் இரண்டு ஓடு முன்னால் நின்றாள். அவள் கவனிக்கவில்லை; கால் கவனித்துக்கொண்டது.

வரிசையின் முதல் ஓட்டில் குராமோச்சி மேடம். கம்பெனியின் தாய்லாந்துத் தலைவருடைய மனைவி. மேடம் தும்மினால் பத்துக் கைக்குட்டை நீளும். மேடம் ஐஸ் காபி சொன்னால், தொண்டைப் புண்ணோடு வந்தவளும் ஐஸ் காபிதான் குடிப்பாள். செவ்வாய்தோறும் மேடம் பூ அலங்கார வகுப்பு நடத்துவார். ஆர்க்கிட் பூக்களுக்கு வாய் இருந்திருந்தால் தூதரகத்தில் புகார் கொடுத்திருக்கும். மற்ற பத்துப் பேரும் "அழகு, அழகு" என்று சொல்லிச் சொல்லி, அந்தச் சொல்லே தேய்ந்து கூழாங்கல்லாகிவிட்டது.

ஏழாவது ஓட்டில் மினெகோ ஹயாமி. ஜப்பானில் தொயாமா நகரத்து மருத்துவமனையின் மருந்தகத்தில் ஒன்பது வருடம் வேலை பார்த்தவள். கணவன் யசுநோரிக்கு இங்கே மாற்றல் வந்ததும் வெள்ளைக் கோட்டை மடித்து வைத்துவிட்டுப் பின்னால் வந்தாள். கணவனைச் சார்ந்து வந்தவளுக்கு இங்கே வேலை செய்ய அனுமதி கிடையாது. மனைவி சம்பாதிப்பது கம்பெனிக்கும் பிடிக்காது. நான்கு வருடத்தில் அவள் அளந்து கொடுத்த ஒரே மருந்து, பத்து வயது மகள் கொஹருவின் இருமல் மருந்து. சும்மா இருக்கத் தெரியாத அந்தக் கை, சோயா சாஸையும் மில்லிலிட்டர் கணக்கில்தான் ஊற்றியது.

ஆனால் நான்கு வருடம்தான் தவணை. நான்கு முடிந்தால் எந்தக் குடும்பமானாலும் மூட்டை கட்டும். சந்தின் சட்டம் அது. இந்த மார்ச்சோடு முடிகிறது. மருந்தகத்தின் தலைவர் ஒகிதா கடிதம் எழுதியிருந்தார்: 'ஏப்ரல் முதல் தேதி வரை உங்கள் இடத்தைக் காலியாக வைத்திருப்பேன். அதற்கு மேல் என்னால் முடியாது.' மினெகோ அந்தக் கடிதத்தை எத்தனை முறை படித்தாள் என்றால், மடிப்புகளில் காகிதம் கிழிந்து நான்கு கடிதமாகிவிட்டது.

மாற்றல் உத்தரவு வரும்வரை காத்திருந்திருக்கலாம். அவளால் முடியவில்லை. மார்ச் வந்தால் ஊரே வீட்டுச் சாமானை விற்கும், அதற்கு முன் முந்திக்கொள்வோம் என்று பிப்ரவரி இரண்டாம் ஞாயிறன்று வீட்டுக் கதவைத் திறந்துவைத்து விற்பனை போட்டாள். யசுநோரி அன்று காலை ஐந்து மணிக்கே கோல்ஃப் விளையாடப் போய்விட்டான். ஈரப்பதம் உறிஞ்சும் இயந்திரம், கொஹருவுக்குச் சின்னதாகிப்போன சைக்கிள், பாதி தேய்ந்த குளியல் சோப்புக்கட்டிகூட விலை போனது.

பத்து மணிக்கு மேடம் வந்தார். எல்லாவற்றையும் ஒரு சுற்று பார்த்தார்.

"இவ்வளவு சீக்கிரமாவா?" என்றார்.

"ஆமாம் மேடம். கொண்டுபோறதுக்கு ஒண்ணுமில்ல."

"சரி. செவ்வாய்க்கிழமை வகுப்புக்கு வரும்போது நீளத் தட்டு ரெண்டு எடுத்துட்டு வந்துடு."

போகிறவளுக்கு என்ன பயம். மினெகோவின் நாக்கு நான்கு வருடத்தில் முதல் முறையாகக் கூண்டை விட்டு வெளியே வந்தது.

"வர முடியாது மேடம். நாலு வருஷமா அழகு அழகுன்னு பொய் சொல்லிட்டேன். உங்க பூ ஜாடியப் பாத்தா, புயல்ல சாஞ்ச மரத்த முனிசிபாலிட்டிக்காரங்க இன்னும் அள்ளாம விட்ட மாதிரி இருக்கு."

வாசலில் நின்றவர்கள் மூச்சை உள்ளே இழுத்ததில் ஜன்னல் திரை அந்தப் பக்கமாகச் சாய்ந்ததாகப் பின்னால் பேசிக்கொண்டார்கள்.

மேடம் கோபப்படவில்லை. "அப்படியா" என்றார். "அந்த ரைஸ் குக்கர் வேலை செய்யுதா?"

"செய்யுது."

"நான் எடுத்துக்கறேன்."

மூன்று ரைஸ் குக்கர் வைத்திருக்கிற மேடம் நான்காவதை இடுப்பில் அணைத்துக்கொண்டு லிஃப்டில் ஏறினார். அது ஏன் என்று மினெகோ யோசிக்கவில்லை. அன்று முழுக்க அவள் தரையில் நடக்கவில்லை, மிதந்தாள்.

பத்து நாள் கழித்து, இரவுச் சாப்பாட்டில், யசுநோரி மஞ்சள் முள்ளங்கி ஊறுகாயைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"ரெண்டு வருஷம் நீட்டிச்சுட்டாங்க."

"யார?"

"நம்மள. மேலிடத்து முடிவு. எனக்குப் பதிலா வரவேண்டியவரோட பொண்டாட்டிக்கு வெயில் ஆகாதாம்."

 முகம் தெரியாத அந்தப் பெண்ணைக்கூட மினெகோவால் சபிக்க முடியவில்லை. மாட்டேன் என்று சொல்ல வாய் இருக்கிறதே அவளுக்கு என்று பொறாமைதான் வந்தது. நாற்காலிகள் விற்றுப்போனதால் மூவரும் அட்டைப்பெட்டிமேல் உட்கார்ந்து, கடையில் வாங்கிய சோற்றைச் சாப்பிட்டார்கள். கொஹரு மட்டும் தொயாமாவில் பனி எப்போது கரையும் என்று கேட்டாள். யசுநோரி இன்னொரு துண்டு ஊறுகாய் எடுத்துக்கொண்டான்.

மறுநாள் காலை ஏழாவது ஓட்டில் போய் நின்றாள். மற்றவர்கள் அவள் நெற்றியைப் பார்த்தார்களே தவிரக் கண்ணைப் பார்க்கவில்லை. பேருந்து போனபின் மேடமே மாடியேறி வந்தார். இடுப்பில் ரைஸ் குக்கர்.

"பத்திரமா வெச்சிருந்தேன். உனக்குத் தேவைப்படும்னு தெரியும்."

மினெகோ இடுப்பு ஒடிய வளைந்தாள். "அன்னிக்கு நான் பேசினது பெரிய தப்பு மேடம். மன்னிக்கணும்."

"தப்பில்ல. நிஜமாவே அது சாஞ்ச மரம்தான்." மேடம் ஒரு அட்டைப்பெட்டிமேல் உட்கார்ந்தார். "ஆனா எனக்கு ஒண்ணு புரியல. டிசம்பர்லயே நீட்டிப்புப் படிவம் எங்க வீட்டுக்காரர் மேசைக்கு வந்துடுச்சு. மனைவி ஒப்புதல்னு நீயே முத்திரை வெச்சிட்டு, பிப்ரவரில ஏன் சாமான வித்த? மனசு மாறிட்டியா, இல்ல எல்லாரையும் ஏமாத்தறியான்னு பாக்கத்தான் அன்னிக்கு வந்தேன்."

"நான் எந்த முத்திரையும் வெக்கல."

இருவரும் கொஞ்ச நேரம் குக்கரைப் பார்த்தார்கள்.

இதற்கு விளக்கம் தேவையே இல்லை. கம்பெனிக் காகிதத்தில் கையெழுத்து செல்லாது. விரல் நீளக் கட்டையில் குடும்பப் பெயர் செதுக்கி, சிவப்பு மையில் தொட்டு வைக்கிற முத்திரைதான் செல்லும். கணவனுக்கும் மனைவிக்கும் பெயர் ஒன்று. முத்திரையும் ஒன்று.

"நல்ல நேரா இருந்துச்சு முத்திரை," என்றார் மேடம். "என் கட்டத்துல எங்க வீட்டுக்காரர் எப்பவும் கோணலா வெப்பார். ஜகார்த்தா, மணிலா, இப்போ இது. மூணு நாடு. ஒரு தடவகூட என் கையால நான் வெச்சதில்ல."

மேடத்தைக் கேட்காமல் யாராவது எதையாவது செய்யக்கூடும் என்று மினெகோவுக்கு அதுவரை தோன்றியதே இல்லை.

"அப்புறம்," என்று மேடம் புடவையில்லாத ஊரில் முந்தானையைச் சரிசெய்கிற பாவனையில் பாவாடையைத் தட்டிக்கொண்டு எழுந்தார், "குடும்பம் முன்னதாகத் திரும்புதல்னு இன்னொரு படிவம் உண்டு. டிக்கெட் கம்பெனி செலவு. மணிலால வாங்கினது ஒண்ணு ஏழு வருஷமா என் மேசைல கிடக்கு. அதுல புருஷனோட முத்திரை வேணும்."

சொல்லிவிட்டு லிஃப்டுக்கு நடந்தார்.

மாலையில் மினெகோ மகளிடம் கேட்டாள். "முத்திரை எந்த டிராயர்ல இருக்குன்னு அப்பாவுக்கு யாரு சொன்னா?"

"நான்தாம்மா எடுத்துக் குடுத்தேன். பள்ளிக்கூடத் தாள்னு சொன்னார்." கொஹரு பென்சிலைக் கீழே வைத்தாள். "தப்பா?"

"இல்ல. நீ கேட்டத எடுத்துக் குடுத்த. அவ்வளவுதான்."

யசுநோரி வந்ததும் அவள் சண்டை போடவில்லை. மருந்துச் சீட்டில் சந்தேகம் வந்தால் மருத்துவரிடம் கேட்கிற குரலில் கேட்டாள்.

"என்னங்க, எங்கிட்ட ஏன் கேக்கல?"

அவன் காலுறையைக் கழற்றினான், மறுபடி போட்டான். "கேட்டா மாட்டேன்னு சொல்லியிருப்ப."

"ஆமாம்."

"அதான் கேக்கல." கொஞ்சம் பொறுத்து, "அங்க போனா நாப்பது மேசைல என்னோடது முப்பத்தெட்டாவது மேசை. காலைல ரயில்ல இன்னொருத்தன் அக்குள்ல மூஞ்சிய வெச்சுட்டுப் போகணும். இங்க ஒருத்தன் எனக்குக் கார்க் கதவத் திறந்துவிடறான். ரெண்டே வருஷம் மினெகோ. உனக்கு இங்க என்ன குறை?"

அவள் குறைகளை அடுக்கவில்லை. அடுக்கினால் அவன் ஒவ்வொன்றுக்கும் ஒரு தீர்வு சொல்லியிருப்பான். அதுதான் அவளுக்குப் பயம். எழுந்து டிராயரைத் திறந்தாள். ஏழு வருடம் கிடந்து மஞ்சளாகிப்போன படிவம் பிற்பகலிலேயே ஒரு உறையில் கதவிடுக்கில் வந்திருந்தது. முத்திரையை மையில் தொட்டாள். கணவர் ஒப்புதல் என்ற கட்டத்தில் வைத்தாள். துளி கோணல் இல்லை.

"அது என்னோட கட்டம்," என்றான் அவன்.

"நீங்க வெக்கலன்னு ஆபீஸ்ல சொல்லுங்க. டிசம்பர்ல நான் வெக்கலன்னு நானும் சொல்றேன்."

யசுநோரி வாயைத் திறந்தான். அப்படியே நெடுநேரம் திறந்து வைத்திருந்தான். கொசு போய் வர வழி இருந்தது.

காகிதம் ஒரு கேள்விகூட எழாமல் மூன்றே நாளில் தேறியது. மேடத்தின் கணவர் எதைத்தான் படித்துப் பார்த்து முத்திரை வைத்திருக்கிறார்! மனைவி இல்லாதவனுக்கு மூன்று படுக்கையறை எதற்கு என்று கம்பெனி ஏப்ரலிலிருந்து அவனை வேறொரு சந்தில் ஒற்றை அறைக்கு மாற்றியது. குடும்பம் இல்லாதவனுக்குத் தனிக் கார் எதற்கு என்று கார்க் கதவு திறக்கிறவனையும் எடுத்துக்கொண்டது. இது எதுவும் மினெகோ கேட்டு நடந்ததல்ல. விதிமுறைப் புத்தகத்தில் இருந்தது.

மார்ச் முப்பதாம் தேதி காலை, முக்கியமான கூட்டம் இருப்பதாகச் சொல்லிவிட்டு யசுநோரி முன்னதாகவே கிளம்பினான். கொஹருவின் தலையில் கை வைத்து, "ரெண்டு வருஷம் சீக்கிரம் போயிடும்" என்றான். அவள், "இனிமே முத்திரை வேணும்னா யாருகிட்டப்பா கேப்பீங்க?" என்றாள். அவன் ஷூவின் நாடாவை இரண்டு முறை கட்டினான்.

கீழ்க் கூடத்தில் பத்துப் பேரும் வழியனுப்ப வரிசையில் நின்றார்கள். மேடம் சம்பிரதாயமாக எல்லாருக்கும் கேட்கிற குரலில், "பாவம், ஹயாமி சார் தனியா கஷ்டப்படுவார்" என்றார். மினெகோ வளைந்து வணங்கினாள். மேடமும் வணங்கினார், தலைவரின் மனைவி ஏழாவது ஓட்டுக்காரிக்கு வணங்குகிற அளவைவிட ஒரு விரற்கடை கூடுதலாக. அதைச் சந்தே ஒரு மாதம் பேசும்.

"நீங்களும் ஒரு நாள் தொயாமா பக்கம் வாங்க மேடம்."

"என்னோட படிவத்ததான் உனக்குக் குடுத்துட்டேனே," என்றார் மேடம், மற்றவர்களுக்குக் கேட்காமல்.

கார் நகர்ந்தது. மினெகோ திரும்பிப் பார்த்தாள். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால், கை அசைத்துக்கொண்டே, எட்டாவது ஓட்டுக்காரி ஏற்கெனவே ஏழாவது ஓட்டில் நின்றிருந்தாள்.

சுங்கச் சாவடி தாண்டும்போது கைபேசி அதிர்ந்தது. யசுநோரி. கொஹரு எட்டிப் பார்த்தாள். மன்னிப்பு இருக்குமோ, போய்ச் சேர்ந்ததும் சொல் என்று இருக்குமோ என்று நினைத்துத்தான் மினெகோவும் திறந்தாள்.

'ரெண்டு கப் அரிசிக்குத் தண்ணி எவ்வளவு?'

பதினான்கு வருடம் அவள் ஆக்கிய சோறு. மில்லிலிட்டர் வரை அவளுக்குத் தெரியும். விரல் அந்த எண்ணை அடிக்கப் போய் நின்றது.

'குக்கர் பாத்திரத்துக்கு உள்ளேயே கோடு போட்டிருக்கு. பாருங்க' என்று எழுதி அனுப்பிவிட்டு, கைபேசியை அணைத்தாள்.