கதவு இடித்த கண்

ஊரடங்கு போட்டதிலிருந்து கதவுகளுக்கெல்லாம் கிறுக்குப் பிடித்திருந்தது. ஆண்களை அவை ஒன்றும் செய்யவில்லை. தேடித் தேடிப் பெண்களின் கண்ணில்தான் இடித்தன. கண் டாக்டரான நான் அப்போது வீட்டிலிருந்தே வீடியோ காலில் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தேன். எப்படி அடிபட்டது என்று கேட்டால் ஆளாளுக்குக் கதவு என்றார்கள். எரிச்சலில் என் வீட்டுக் கதவையே ஒருநாள் ஓங்கி அறைந்து சாத்தினேன்.

அன்று அழைத்தவளும் அதையேதான் சொன்னாள். அவளுடைய இடது கண் ரத்தமாகச் சிவந்து, இமை வீங்கி, பாதிதான் திறந்திருந்தது.

“பக்கத்துல யாராவது இருக்காங்களாம்மா?”

“யாருமில்ல டாக்டர். நான் மட்டும்தான்.”

போனை எதன் மீதோ சாய்த்து வைத்திருந்தாள். மடியில் கோத்திருந்த இரண்டு கைகளும் தெரிந்தன. பின்னால் வெறும் சுவர்.

“சரி, நல்ல கண்ணைக் கையால மூடிக்கிட்டு, அடிபட்ட கண்ணால என் விரலைப் பாருங்க.”

அவள் கைகள் மடியை விட்டு அசையவில்லை. திரையின் ஓரத்திலிருந்து, வாட்ச் கட்டிய ஒரு கை வந்தது. அவசரமே இல்லாமல், பழகிய இடத்துக்கு வருவதுபோல வந்து அவளுடைய வலது கண்ணைப் பொத்தியது. அவள் திடுக்கிடக்கூட இல்லை. நான்தான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.

“அது யார் கைம்மா?” கத்தியே விட்டேன்.

சிவந்த அந்த ஒற்றைக் கண் என்னையே பார்த்தது.

“கதவு, டாக்டர்.”