பெஞ்சுக்கு இரண்டு பேர்

என் மகனைப் பள்ளிக்கூடத்தில் துப்பாக்கிக்காரனாக நியமித்திருக்கிறார்கள். பெயர் தரணீஷ். எட்டாம் வகுப்பு பி பிரிவு. நியமனம் ஒத்திகைக்கு மட்டும்தான். ஆனால் ஒத்திகை ஆடி மாதம் தொடங்கியது, இன்னும் முடியவில்லை. இரவில் மட்டும் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். மத்தியானச் சாப்பாட்டை நான் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

வேறு ஏதோ தேசத்தில், ஏதோ ஒரு பள்ளியில், ஒரு பையன் சுட்டுவிட்டதாகச் செய்தி வந்தது. எங்கள் பள்ளியில் யாரிடமும் துப்பாக்கி கிடையாது. இருந்தாலும் பெற்றோர் கூட்டம் போட்டார்கள். முதலில் காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும் என்றார்கள்.

பனியன் கம்பெனிக்காரர் ஒருவர் எழுந்து செல்போன்தான் காரணம் என்றார். எல்லோருடைய போனையும் பிடுங்கிக் கிணற்றில் போட்டார்கள். கிணறு வெகுநாள் ஒலித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. ஓர் அம்மா தலைமுடிதான் காரணம் என்றாள். பையன்களுக்கெல்லாம் மொட்டை போட்டார்கள். இன்னொருவர் மதில் குட்டையாக இருப்பதுதான் காரணம் என்றார். மதிலை ஏற்றினார்கள். இப்போது உச்சிப்பொழுதில் மட்டும்தான் பள்ளிக்குள் வெயில் விழுகிறது. அதற்குப் பிறகும் எல்லோருக்கும் பயமாகவே இருந்தது. ஆகவே ஒத்திகை.

ஒத்திகையில் பிள்ளைகள் பெஞ்சுக்கடியில் ஒளிய வேண்டும். பெஞ்சுக்கு இரண்டு பேர். வகுப்பில் ஒற்றைப்படையாகப் பிள்ளைகள் இருந்தார்கள். ஜோடி சேர்ந்தபோது தரணீஷ் மிஞ்சினான். அவன் எதிலும் முண்டியடிக்கிறவன் இல்லை. மிஞ்சியவனை என்ன செய்வது என்று கொஞ்ச நேரம் குழம்பினார்கள். சுடுவதற்கும் ஓர் ஆள் வேண்டுமே என்று அப்போதுதான் ஞாபகம் வந்தது. கரும்பலகையில் கோடு போடுகிற மரஸ்கேலைக் கையில் கொடுத்து, வராந்தாவில் நடக்கச் சொன்னார்கள்.

அவன் அப்பாவுக்கு ஒரே பெருமை. மகனுக்கு முக்கியமான வேஷம் என்று தான் வேலை பார்க்கிற லாரி செட் முழுவதும் சொல்லிவிட்டு வந்தார். எனக்குக் கோபம்தான் வந்தது. நான் கோபக்காரி. ரேஷன் கடைக்காரர் என்னைக் கண்டால் சர்க்கரையை இரண்டு தடவை நிறுப்பார். பெற்ற பிள்ளைக்கு முன்னால் ஊரே ஒளிந்துகொண்டால் எந்தத் தாய்க்குத்தான் பொறுக்கும்?

இன்றைக்கு அரிசிம்பருப்புச் சாதம் கொண்டுபோனேன். வராந்தா நேற்றைவிட நீளமாக இருந்தது. நடக்கிறவன் ஒருவன்தான் என்று ஆனதிலிருந்து அது இப்படித்தான் நீண்டுகொண்டு போகிறது. தூரத்தில் தரணீஷ் எறும்பாகத் தெரிந்தான். தூக்குப்போசியைத் திறந்ததும் வாசனைக்கு வந்துவிட்டான்.

ஸ்கேலைப் பக்கத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்தான். அதன் அடியில் ஒரு முளை விட்டிருந்தது. நாள்பட்ட உருளைக்கிழங்கில் வருமே, அதுபோல.

"இதென்ன சாமி?"

"தெரியலம்மா. நேத்து இல்ல."

"கிள்ளிப் போடு."

"கிள்ளுனேன். மறுபடி வருது."

நான் அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். என் மடியில் அது வெறும் மரமாக இருந்தது. முளை உள்ளே போய்விட்டது. சென்டிமீட்டர் கோடுகள்கூடப் பளிச்சென்று தெரிந்தன.

"நீ புடிச்சா பரவால்லம்மா. எங்கிட்ட ரொம்பக் கனக்குது."

"உங்கிட்ட யாராச்சும் பேசுனாங்களா?"

"நான் போனா எல்லாரும் மூச்சப் புடிச்சுக்கறாங்க. ரித்திக்குக்கு மட்டும் விக்கல் வரும்." அவன் ஒரு கவளத்தை மென்று விழுங்கினான். "அது எனக்குத்தான்னு நெனச்சுக்குவேன்."

எனக்கு அழுகை வந்தது. முந்தானையால் அவன் வாயைத் துடைப்பதுபோல என் கண்ணையும் துடைத்துக்கொண்டேன்.

சாப்பிட்டுக் கை கழுவியதும் ஸ்கேலைக் கேட்டான். கையில் இல்லாவிட்டால் திட்டுவார்களாம். கொடுத்தேன். அவன் விரல் பட்டதும் முளை மறுபடி எட்டிப் பார்த்தது. இந்தத் தடவை கொக்கிபோல வளைந்திருந்தது. ஒரு விரல் நுழையும். அவன் விரலை நுழைத்துக்கொண்டான்.

"விரல எடு கண்ணு."

"எடுத்தா கீழ விழுந்துருதும்மா."

இன்றைக்கு இதற்கு ஒரு முடிவு கட்டாமல் போவதில்லை என்று தீர்மானித்தேன்.

"இங்க பாரு சாமி. நான் போயி மணி அடிக்க வெக்கறேன். மணிச் சத்தம் கேட்டதும் அதைத் தூக்கி வீசிட்டு வகுப்புக்கு ஓடியா. நான் அங்க இருப்பேன். உன்னையப் பக்கத்துல உக்கார வெச்சுக்கறேன்."

"நெசமாவா?"

"நெசமா."

பிரின்சிபால் அறைக்குப் போனேன். பிரின்சிபால் மேடம் மேஜைக்கடியில் இருந்தார். அங்கேயே டீ குடித்துக்கொண்டிருந்தார். மேஜைக்குப் பின்னால் காலி நாற்காலிக்கு வணக்கம் சொல்வதா, கீழே குனிந்து சொல்வதா என்று தெரியவில்லை. இரண்டுக்கும் சொன்னேன்.

"எம் பையனுக்குப் பதிலா வேற யாரையாச்சும் போடுங்க மேடம்."

"முடியாதுங்க. அவரு ரொம்ப நல்லாப் பண்றாரு. பசங்க நெசமாவே பயப்படறாங்க."

"ஸ்கேல்ல மொளை வருதுங்க."

"அப்படீங்களா?" மேஜைக்கடியிலிருந்து சந்தோஷமான குரல் வந்தது. "அப்ப ஒத்திகை நல்லா நடக்குதுன்னு அர்த்தமுங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே தொடர்ந்தார்.

"இன்னொன்னு சொல்லோணுங்க. உங்க பையனைக் கொஞ்சம் கவனிக்கோணும். தனியாச் சாப்படறாரு."

"யாரோட சாப்படுவானுங்க? அத்தனை பேரும் பெஞ்சுக்கடியில இருக்கறாங்க."

"அது என்னவோங்க. தனியாச் சாப்படறாரு. யாரோடயும் பேசறதில்ல. வகுப்புல உக்கார்றதில்ல. வராந்தாவுலயே திரியறாரு. கையில வேற என்னமோ வெச்சிருக்கறாரு."

"அது நீங்க குடுத்த ஸ்கேலுங்க!"

"பாத்தீங்களா, உங்களுக்கும் கோவம் வருது." மேஜைக்கடியில் பேனா கீறும் சத்தம் கேட்டது. "வீட்டுச் சூழல்னு போட்டுக்கறேனுங்க."

மேஜையைப் புரட்டிப் போடலாமா என்று யோசித்தேன். அதையும் எழுதிக்கொள்வார்.

"ஒத்திகை எப்பத்தான் முடியுமுங்க?"

"மணி அடிச்சா முடிஞ்சுதுங்க. நாச்சிமுத்துதான் அடிக்கோணும்."

பியூன் நாச்சிமுத்து தன் ஸ்டூலுக்கடியில் இருந்தார். ஆறடி ஆள். முழங்காலைக் காதோடு சேர்த்து மடித்து உட்கார்ந்திருந்தார். உடம்பு ஸ்டூலின் அளவுக்கே பழகிப்போயிருந்தது.

"அண்ணா, ஒரு மணி அடிச்சு விடுங்க. பசங்க வெளிய வரட்டும்."

"அடிக்கலாமுங்க அம்மிணி. ஒத்திகை முடியற வரைக்கும் யாரும் வெளிய வரக் கூடாதுன்னு ஆர்டருங்க."

"நீங்க அடிச்சாத்தானுங்க முடியும்?"

"ஆமாங்க. முடிஞ்சதும் அடிக்கறேனுங்க."

அவர் முகத்தில் குற்ற உணர்வு எதுவும் இல்லை. என்னைப் பார்த்து, அக்கறையாக, நீங்களும் எங்கேயாவது ஒதுங்கிக்கொள்ளுங்கள் என்றார். பெத்த பையனுக்குப் பயந்து ஒளிகிற பொம்பளை நானில்லை என்றேன். என்னைப் பெஞ்சுக்கடியில் பார்க்க வேண்டுமானால் வேறு ஜென்மம் எடுத்து வரச் சொன்னேன். ஸ்டூலின் மேல் கிடந்த மணியடிக்கிற சுத்தியலை எடுத்துக்கொண்டு மணியிடம் போனேன்.

மணி என்றால் தண்டவாளத் துண்டு. வேப்பமரத்தில் தொங்கியது. ஆடி மாதத்திலிருந்து யாரும் அதைத் தொடவில்லை. ஒரு குருவி அதன் மேல் உட்கார்ந்திருந்தது. தூரத்தில், வராந்தாவின் கடைசியில், என் மகன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். ஸ்கேல் அவன் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. கறுத்தும் இருந்தது. நான் கையைக் காட்டினேன். அவனும் காட்டினான்.

சுத்தியலை ஓங்கி அடித்தேன்.

சத்தம் வந்தது. ஆனால் மணிச் சத்தம் எப்படி இருக்கும் என்பது இத்தனை நாளில் எல்லோருக்கும் மறந்துபோயிருந்தது. டமார் என்று கேட்டது. காகங்கள் மொத்தமாக மதிலுக்கு மேலே எழும்பின. எந்த வகுப்பிலிருந்தோ ஒரு டீச்சர் "ஆரம்பிச்சுருச்சு!" என்று அலறினார். சுத்தியல் என் கையில் இல்லை. நான் ஓடிக்கொண்டிருந்தேன். மகனிடம்தான் ஓடுகிறேன் என்று நினைத்துக்கொண்டு ஓடினேன்.

எட்டாம் வகுப்பு பி பிரிவுக்கு வந்து சேர்ந்தேன். சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன் என்பதில் எனக்குத் திருப்தி. வகுப்பு காலியாகத் தெரிந்தது. எங்கும் ஒரு மூச்சுச் சத்தம் இல்லை. அப்போது வராந்தாவில் காலடி கேட்டது. ஓடி வருகிற காலடி.

மூன்றாவது பெஞ்சுக்கடியிலிருந்து ஒரு சின்னக் கை நீண்டு என் புடவையைப் பிடித்து இழுத்தது. நான் குனிந்தேன். குனிந்தது மட்டும்தான் எனக்கு ஞாபகம். அதற்குப் பிறகு நான் உள்ளே இருந்தேன். இரண்டு மொட்டைத் தலைகள் நகர்ந்து எனக்கு இடம் விட்டன.

கதவு திறந்தது. அவனுடைய ஷூக்களைப் பார்த்தேன். வலதுகால் லேஸ் அவிழ்ந்து கிடந்தது. காலையில் நான்தான் கட்டிவிட்டேன். ஷூக்களுக்குப் பக்கத்தில் இரும்பு முனை ஒன்று தரையைத் தொட்டுக்கொண்டு நின்றது.

"ம்மா, மணி அடிச்சுருச்சு."

பள்ளி முழுவதிலும் அவன் ஒருவனுக்குத்தான் அது மணியாகக் கேட்டிருக்கிறது.

"ம்மா, வீசிப் பாத்தேன். கையில ஒட்டிக்கிச்சு. நீ வந்து புடிச்சா விட்டுரும்."

இதோ இருக்கிறேன் சாமி என்று சொல்ல வேண்டும். நாக்கில் அது தயாராகவும் இருந்தது. ஆனால் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு பேச முடியாது. வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பயம் பெரிதாக இருந்தது. எனக்குப் பக்கத்தில் ஒரு பையனுக்கு விக்கல் வந்தது.

"ரித்திக்கு?" என்றான் தரணீஷ்.

ரித்திக் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான். நான் என் கையையும் அதன் மேல் வைத்துப் பொத்தினேன்.

ஷூக்கள் கொஞ்ச நேரம் நின்றன. பிறகு திரும்பின.

"அம்மா ஊட்டுக்குப் போயிருச்சாட்ட இருக்குது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். யாரும் திடுக்கிடக் கூடாது என்று கதவை மெல்லச் சாத்தினான். வராந்தா மறுபடி நீள்வது கேட்டது.

எல்லோரும் மூச்சு விட்டார்கள். நானும் விட்டேன். ரித்திக் என்னைப் பார்த்து மரியாதையாகச் சிரித்தான். நல்ல பையன்.

"ஆன்ட்டி, கால நல்லா நீட்டிக்கோங்க. எடம் நெறைய இருக்குதுங்க. இங்க மூணு பேரு, நாலு பேருகூட உக்காரலாம்."

நான் காலை நீட்டிக்கொண்டேன்.